இரண்டாம் அடுப்பு

சாக்குச் சொல்வதில் அந்த ஊரில் யாரும் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. ஆனால் சாக்குத் தைத்துப் பிழைத்தவள் ஒருத்திதான். நிவாரணக் கிடங்கில் மூட்டை இறக்குகிறவர்களின் கொக்கி பட்டுக் கிழிந்த சாக்குகளை, கோணி ஊசியும் சணலுமாக உட்கார்ந்து ஒட்டுப் போட்டுத் தருவாள். அதனால் சாக்குக்காரி. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. அதை எடுத்துப் புழங்கி அழுக்காக்க யாருக்கும் மனம் வரவில்லை.

இப்படி ஊசி நுழைகிற இடத்தில் நூலாக நுழைந்து காலம் தள்ளிக்கொண்டிருந்தவளின் வாழ்க்கையில் ஒரு முறை பொருளாதார ஆராய்ச்சி குறுக்கிட்டது. சொல்லவேண்டிய கதை அதுதான்.

மழை பொய்த்து வயல்கள் வாய் பிளந்து கிடந்த வருடம் அது. உதவி மாவு கொடுத்தால் ஏழைகள் தேறுகிறார்களா, இல்லை மாவைத் தின்றுவிட்டு அப்படியே ஏழைகளாகவே இருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க ஓர் ஆய்வுக் குழு ஜீப்பில் வந்து இறங்கியது. குழுத் தலைவரை எல்லாரும் டாக்டர் என்றார்கள். கேட்ட மாத்திரத்தில் ஊரே முழங்கால் வலி, மூச்சிரைப்பு, பழைய தேள்கடி சகிதம் அவர் வாசலில் வரிசை கட்டிவிட்டது. அவர் வறுமைக்கு மட்டும்தான் டாக்டர் என்பது பிறகு தெரிந்தது. அதற்கும் மருந்து கொடுப்பது அவர் பொறுப்பில்லை, நாடி பார்ப்பதோடு சரி. 'வறுமை டாக்டர்' என்ற பெயர் நிலைத்தது. நல்ல மனிதர். சட்டையின் கழுத்துப்பட்டை தேய்ந்து நூல் தொங்கும். யார் வீட்டுக்குப் போனாலும் அவர்களை உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டுதான் கேள்வி கேட்பார்.

அவர் கொடுக்க வந்தது குடும்பத்துக்கு மாதம் ஒரு மூட்டை மாவும் ஒரு டப்பா எண்ணெயும். கொடுப்பதற்கு முன் குடும்பம் என்றால் என்ன என்று முடிவு கட்டவேண்டியிருந்தது. மனிதகுலம் இதுவரை தீர்க்காத சிக்கல் அது. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் என்று வைத்தால், பாதிப் பேருக்குக் கூரை பறந்துபோயிருந்தது. ஒரே ரத்தம் என்று வைத்தால் ஊர் முழுக்க ஒரே குடும்பமாகிவிடும், ஒரு மூட்டையோடு ஆராய்ச்சி முடிந்துவிடும். எங்கோ குளிரூட்டிய அறையில் அறிஞர்கள் கூடிப் பேசி, 'ஒரே அடுப்பில் உலை வைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம்' என்று முடித்தார்கள். அடுப்புக்கு ஒரு மூட்டை. ஆனால் அந்த அடுப்பில் ஒரு குழந்தையாவது சாப்பிட வேண்டும். ஏனென்றால் குழந்தையின் மேல்கையைச் சுற்றி வண்ண நாடா வைத்து அளந்து, பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்ப்பதில்தான் ஆராய்ச்சியே இருந்தது. பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் கவலை. சிவப்பு என்றால் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.

பக்கத்து ஊருக்கு மூட்டை கிடையாது, நாடா மட்டும் உண்டு. மூட்டை கிடைக்காதவர்கள் எப்படி இளைக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே, கிடைத்தவர்கள் எவ்வளவு தேறினார்கள் என்று சொல்லமுடியும்? டாக்டர் இதைப் பொறுமையாக விளக்கியபோது பக்கத்து ஊர்க்காரர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், அடுத்த வருடம் இளைக்கிற முறையை அந்த ஊருக்கும் தேறுகிற முறையைத் தங்களுக்குமாக மாற்றிவைக்க முடியுமா என்று கேட்டாராம். டாக்டர் குறித்துக்கொண்டாராம்.

அடுப்புக் கணக்கு வெளியே கசிந்ததும் ஊரில் அடுப்புகள் குட்டி போட ஆரம்பித்தன. நேற்றுவரை ஒரு தட்டில் கைவைத்துச் சாப்பிட்ட அண்ணன் தம்பிகள் இன்று முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாமியார்களும் மருமகள்களும் இவ்வளவு காலம் காசு வாங்காமல் செய்துவந்த வேலைக்கு இப்போது மாவு கிடைத்தது.

சாக்குக்காரியின் வீட்டில் ஐந்து வாய். அவள், அவளுடைய ஓரகத்தி சின்னவள், சின்னவளின் மகள், இன்னும் பல் முளைக்காத மகன், எல்லாப் பல்லும் கொட்டிப்போன மாமனார். இவர்களைக் கட்டிய அண்ணன் தம்பி இருவரும் சாலை போடும் வேலைக்குத் தூரமாகப் போயிருந்தார்கள். எப்போதாவது ஆள்மூலம் சேதி வரும். சேதியைக் கரைத்துக் குடிக்க முடியாது. சாக்குக்காரிக்குப் பிள்ளை இல்லை. சின்னவளின் மகள் தூங்குவது பெரியம்மாவின் பாயில், விழிப்பது பெரியம்மாவின் முகத்தில். தம்பி பிறந்ததிலிருந்து அப்படி.

ஐந்து வாய்க்கு வந்த ஒரு மூட்டை மாதம் பாதி தாண்டுவதற்குள் வெறும் சாக்காகிவிடும். சின்னவளின் பெண்ணுடைய கை நாடாவில் மஞ்சளில் நின்றது. சிவப்புக்கு ஒரு நூல்தான் பாக்கி. நாடாவை அவிழ்த்துச் சுருட்டிய ஆய்வுக் குழுப் பெண்மணி உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள்.

யோசனை சின்னவளுடையதுதான். "உன்கிட்டதானே படுக்கிறா. உன் அடுப்புல எழுதிக்கோக்கா, இன்னொரு மூட்டை வரும்" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "எழுத்துல மட்டும். புள்ள எனக்கு" என்றாள். சாக்குக்காரியும் சிரித்தாள்.

முற்றத்தின் எதிர்ப்பக்கத்தில், ஆடு கட்டியிருந்த கொட்டகையில் மூன்று கல் வைத்து மண் பூசி இரண்டாம் அடுப்பு எழுந்தது. ஆட்டை ஏற்கனவே விற்றுத் தின்றாகிவிட்டபடியால் ஆட்சேபிக்க யாருமில்லை. மாமனார் சின்னவள் அடுப்பில் எழுதப்பட்டார். தன்னைக் கேட்காமல் பாகம் பிரித்துவிட்டார்கள் என்று கிழவருக்கு மனத்தாங்கல். இரண்டு அடுப்பிலும் எழுதியிருந்தால் இரண்டு தடவை சாப்பிட்டிருக்கலாமே என்பது அவருடைய வாதம். வந்த இரண்டு மூட்டையும் ஒரே குதிருக்குள் கொட்டப்பட்டன, ஒரே அடுப்பில் வெந்தன, ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெண்ணின் கை மஞ்சளிலேயே நின்றது. கீழே போகவில்லை என்பதே பெரிய காரியமாக இருந்தது.

அடுப்புகள் பெருகுகின்றன, ஆட்கள் மட்டும் பெருகவில்லையே என்று டாக்டருக்கு ஒரு நாள் உறைத்தது. அன்றிலிருந்து ஜீப் சொல்லாமல் கொள்ளாமல் தெருவுக்குள் வர ஆரம்பித்தது. பொய் அடுப்பு என்று தெரிந்தால் அந்த வீட்டின் இரண்டு மூட்டையும் நின்றுவிடும், ஆய்வு முடியும்வரை ஒன்றுகூடக் கிடையாது. முதலில் அகப்பட்டது வண்டிக்காரன் வீடு. டாக்டர் எட்டிப் பார்த்தபோது அவர்களுடைய இரண்டாம் அடுப்பில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. ஊர் இரண்டு நாள் வயிறு குலுங்கச் சிரித்தது. அடுத்த அளவில் வண்டிக்காரன் பையனின் கை சிவப்புக்குப் போனது. அதற்குப் பிறகு யாரும் கோழியைப் பற்றிப் பேசவில்லை.

சாக்குக்காரி உஷாரானாள். தினமும் பெரிய அடுப்பிலிருந்து சாம்பலை முறத்தில் அள்ளிவந்து கொட்டகை அடுப்பில் கொட்டினாள். ஒரு பழைய பானையை வேண்டுமென்றே கரிபிடிக்க வைத்தாள். தெருவில் எந்த வண்டி உறுமினாலும் கையிலிருந்த ஊசி விரலில் ஏறியது. கிடங்கில் கூட இருந்தவர்கள் இவள் என்ன சாக்கைத் தைக்கிறாளா, தன்னையே சேர்த்துத் தைத்துக்கொள்கிறாளா என்று கேலி செய்தார்கள்.

சாம்பல் மட்டும் போதாது, பிரிந்ததற்குக் காரணமும் வேண்டும் என்றாள் சின்னவள். டாக்டர் அதைத்தான் முதலில் கேட்கிறாராம். இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். சண்டை போட்டுப் பழக்கமில்லாத வீட்டில் சண்டைக்குக் காரணம் தேடுவது எவ்வளவு சிரமம் என்று அன்றுதான் தெரிந்தது. கடைசியில், சின்னவள் உப்பை அள்ளிப் போடுகிறாள், பெரியவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவானது. ஒத்திகையும் நடந்தது. சாக்குக்காரி முறைத்தாள், சின்னவள் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள், நடுவில் இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. 'பெரியம்மா அடுப்பிலதான் சாப்பிடுவேன்' என்று பெண்ணுக்கும் பாடம் சொல்லிவைத்தார்கள்.

ஜீப் ஒரு நாள் முற்பகலில் வந்து வாசலிலேயே நின்றது.

டாக்டர் நேராகக் கொட்டகைக்குப் போய் அடுப்புக்கு மேல் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். சாம்பல் வெதுவெதுவென்று இருந்தது. பானையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். கரி இருந்தது. சாக்குக்காரிக்கு மூச்சு வந்தது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு, நின்றபடி தாளைப் பிரித்தார். முற்றத்தின் அந்தப் பக்கம் சின்னவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்காகம்மா தனியாப் போனீங்க?"

"உப்பு" என்றாள் சாக்குக்காரி. "அவ கை உப்பு எனக்கு ஆகலைங்க."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "இந்தத் தெருவுல இது நாலாவது வீடு" என்றார். குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. "நாலும் உப்பாலதான் பிரிஞ்சிருக்கு."

தாளை மடிக்கப் போனார். மடித்துவிட்டால் முடிந்தது, இரண்டு மூட்டையும் அந்த மடிப்புக்குள் போய்விடும். வண்டிக்காரன் பையனின் கை சாக்குக்காரியின் கண்முன் வந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்னக் கை. உப்பைவிடப் பெரிதாக ஏதாவது வேண்டும், உடனே வேண்டும். மனதின் அடியில் கிடந்தது ஒன்றுதான். அது கைக்கு அகப்பட்டது.

"உப்பு சும்மா வெளியில சொல்றதுங்க" என்றாள். "அவ மாவைத் திருடி அவ அம்மா வீட்டுக்கு அனுப்புறா. நான் தைச்சு மிச்சமான சாக்குத் துண்டுலயே பை தைச்சு, துணிக்கடியில ஒளிச்சுவெச்சு அனுப்புறா. பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன். எத்தனை நாளைக்குத்தான் இருக்கிறது?"

இது ஒத்திகையில் இல்லை. இது உண்மை. அந்தப் பையை அவள் பார்த்து வெகுநாளாயிற்று. பெற்ற தாய் பட்டினி கிடக்கும்போது யார்தான் செய்யமாட்டார்கள் என்று மனதுக்குள் போட்டுப் புதைத்திருந்தாள். சொல்லும்போது குரல் தானாக நடுங்கியது. அந்த நடுக்கத்தை எந்த ஒத்திகையிலும் வரவழைத்திருக்க முடியாது.

டாக்டர் பேனாவைத் திறந்தார். "அம்மா வீடு எந்த ஊரு?"

அப்போதுதான் சாக்குக்காரிக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. சின்னவள் பிறந்தது பக்கத்து ஊரில். நாடா மட்டும் கிடைக்கிற ஊர். இங்கிருந்து மாவு அங்கே போகிறது என்றால், அங்கே இருக்கிறவர்கள் ஆராய்ச்சியின் அனுமதியில்லாமல் தேறிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆகும். ஒரு பொய் அடுப்பு ஒரு வீட்டோடு போகும். இது தெரிந்தால் ஊருக்கு வருகிற லாரியே நின்றாலும் நிற்கும். மாமனார் கட்டிலில் புரண்டு இருமினார். டாக்டர் பேனாவைத் தாளில் ஊன்றியபடி காத்திருந்தார்.

சின்னவள் குழந்தையை இறக்கி வைத்துவிட்டு முற்றத்தின் நடுவுக்கு வந்தாள்.

"பொய்" என்றாள். "மாவும் இல்ல, பையும் இல்ல. இவ எதுக்குத் தனியடுப்பு போட்டானு நான் சொல்றேன், எழுதிக்கோங்க. புள்ள இல்லாதவ. என் புள்ளைய எடுத்துக்கத்தான் போட்டா. முதல்ல பக்கத்துல படுக்கவெச்சுக்கிட்டா. அப்புறம் ஊட்டிவிட்டா. இப்போ உங்க கையால எழுதியும் வாங்கிட்டா. அந்தத் தாள்ல என் மக யாரு வீட்டுப் புள்ளைன்னு போட்டிருக்கு? படிங்க."

டாக்டர் படிக்கவில்லை. குனிந்து உட்கார்ந்து பெண்ணை அருகே அழைத்து, எங்கே சாப்பிடுவாய் கண்ணு என்று கேட்டார். பெண் அம்மாவைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு சொல்லிக்கொடுத்தபடியே கொட்டகை அடுப்பைக் காட்டினாள்.

டாக்டர் எழுதிக்கொண்டார். மாவுப் பை விஷயத்தைக் கோபத்தில் வந்த வார்த்தை என்று விட்டுவிட்டார். இவ்வளவு பச்சையான பிரிவினையை அந்தத் தெருவில் அவர் பார்த்ததில்லை போலும். போகும்போது இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அவருடைய ஆய்வில் ஐயத்துக்கு இடமில்லாமல் இரண்டு குடும்பம் என்று உறுதியான வீடு அது ஒன்றுதான்.

ஜீப் போனதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதாக ஏற்பாடு. சாக்குக்காரி காத்திருந்தாள். சின்னவள் சிரித்தால் தானும் சிரித்துவிடலாம். சின்னவள் குதிருக்குப் போய் மாவில் சரிபாதியை அள்ளிக் கொட்டகைப் பக்கம் வைத்துவிட்டு, மகளின் போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் நிஜமாகவே இரண்டு அடுப்பு எரிந்தது. ஆராய்ச்சி சொன்னால் சொன்னதுதான். விறகு இரண்டு மடங்கு செலவானது. ஐந்து பேருக்கு மாவு கலக்கிப் பழகிய கை இரண்டு பெண்களுக்குமே தடுமாறியது. மாமனார் மட்டும் எல்லைத் தகராறு எதுவும் பார்க்காமல் இரண்டு பக்கமும் தட்டை நீட்டி, தான் ஆரம்பத்திலேயே கேட்டது கடைசியில் நடந்துவிட்டது என்று திருப்தியாக இருந்தார். பெண் அம்மாவின் அடுப்பில் சாப்பிட்டாள். பெண்ணின் பெயரில் வந்த மூட்டை பெரியம்மாவின் கொட்டகையில் இருந்தது. சாக்குக்காரி காலையில் மாவை ஒரு கிண்ணத்தில் எடுத்து முற்றத்தின் நடுவில் வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். திரும்பிவரும்போது கிண்ணம் அங்கேயே இருக்கும், மேலே எறும்பு ஊரும்.

சாக்குத் தைக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் ஊசியோடு உள்ளே போய் வெளியே வந்தது. அவள் நடித்தாளா? நடிப்பு என்றால் அதைப்போல் கெட்டிக்காரத்தனம் கிடையாது. டாக்டரின் பேனாவை அம்மா வீட்டிலிருந்து திருப்பியது அந்த வார்த்தைதான், மூட்டையைக் காப்பாற்றியதும் அதுதான். நடிப்பில்லை என்றால், இத்தனை மாதமாக அந்த வார்த்தை அவள் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது. தான் சொன்னது உண்மையாக இருக்கும்போது அவள் சொன்னது மட்டும் எப்படிப் பொய்யாக இருக்கும்? இதை அளக்க யாரிடமும் நாடா இல்லை.

ஒரு நாள் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து, டாக்டர் தங்கியிருந்த பள்ளிக்கூட அறைக்குப் போனாள். அவர் பெஞ்சுமேல் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தார். இவளுக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"எங்க வீட்ல ரெண்டு அடுப்பும் ஒண்ணாயிடுச்சுங்க" என்றாள். "என் பேர்ல இருக்கிறதை அடிச்சிடுங்க. புள்ளைய அவ அம்மா அடுப்புலயே எழுதிடுங்க."

"சமாதானம் ஆயிட்டீங்களா?"

"ஆயிடுவோம். நீங்க அடிச்சிட்டீங்கன்னா ஆயிடுவோம்."

டாக்டர் காகிதங்களைப் புரட்டி அவள் வீட்டுத் தாளைத் தேடி எடுத்தார். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போது குடும்பங்கள் இப்படி நடுவில் ஒன்றுசேரக்கூடாது என்று விளக்கினார். ஆரம்பத்தில் இருந்த எண்ணிக்கையும் முடிவில் இருக்கும் எண்ணிக்கையும் ஒத்துப்போகவேண்டும், ஒரு குடும்பம் காணாமல் போனால் மேலிடத்துக்குப் பதில் சொல்லவேண்டியது அவர். மழைக்காலம் முடியும்போது ஆய்வும் முடிந்துவிடும்.

"அதுவரைக்கும் கொஞ்சம் பிரிஞ்சே இருங்கம்மா" என்றார் கெஞ்சாத குறையாக. பிறகு குரலைத் தணித்து, "மூட்டையும் ஒண்ணு குறைஞ்சிடும். அந்தப் பொண்ணு கை இன்னும் மஞ்சள்லதான் இருக்கு" என்றார்.

அவள் வீட்டுக்குத் திரும்புவதற்குள் சேதி அவளை முந்திக்கொண்டு வந்துசேர்ந்துவிட்டது. சின்னவள் வாசலில் நின்றிருந்தாள்.

"மூட்டையை வேணாம்னு சொல்லப் போனியாமே."

"ஆமா."

"யாரைக் கேட்டுப் போனே? அது என் புள்ள சோறு. அவ கை எந்த நிறத்துல நிக்குதுன்னு தெரியாதா உனக்கு? பைத்தியம் எதுவும் புடிச்சிருக்கா?"

"புள்ளைய எடுத்துக்கத்தான் அடுப்பு போட்டேன்னு சொன்னியே."

சின்னவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நெசமாத்தான் சொன்னியா?"

"நான் அம்மாவுக்கு மாவு குடுக்கிறேன்னு நீ சொன்னியே, அது?"

"அது நெசம்தானே."

"அப்போ விடு" என்றாள் சின்னவள். எதை விடச் சொன்னாள் என்று விளங்கவில்லை. "அவரு ஒத்துக்கிட்டாரா?"

"இல்ல. மழை முடியிற வரைக்கும் பிரிஞ்சு இருக்கச் சொல்லிட்டாரு."

"நல்ல வேளை" என்று சின்னவள் உள்ளே போனாள். சிறிது நேரம் பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு உள்ளிருந்தபடியே, யாருக்கோ சொல்வதுபோல், "மாவு அதிகமாக் கலக்கிட்டேன். வீணாத்தான் போகும்" என்றாள்.

சாக்குக்காரி கொட்டகைக்குப் போய் அடுப்பில் ஈரச் சருகைத் திணித்துப் பற்றவைத்தாள். ஏற்றிவைக்க எதுவும் இல்லை. தெருவுக்குத் தெரிகிறாற்போல் புகை வந்ததும் எழுந்து, முற்றத்தைக் கடந்து பெரிய அடுப்பங்கரைக்குப் போய் உட்கார்ந்தாள். ஐந்து பேரும் சாப்பிட்டார்கள். மாமனாருக்கு மட்டும் இந்தச் சமாதானத்தில் நஷ்டம். சொன்ன வார்த்தையைச் சின்னவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, இவளும் கேட்கவில்லை. தட்டுகளுக்கு நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

தெருக்கோடியில் ஜீப் சத்தம் கேட்டது. யாரும் வாய் திறப்பதற்குள் பெண் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே முற்றத்தைக் கடந்து, கொட்டகையில் புகைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வழிந்தது, புகையினால். ஒரு குழந்தை தனியாக ஒரு குடும்பமாக இருக்கமுடியாது என்பதால் சாக்குக்காரியும் தன் தட்டோடு ஓடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூவர் அந்தப் பக்கம், இருவர் இந்தப் பக்கம். யாரும் மெல்லக்கூட இல்லை.

ஜீப் வாசலில் வேகம் குறைந்தது. பிறகு நிற்காமல் போய்விட்டது.

"வந்துடு" என்று சின்னவள் அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள்.

யாரைக் கூப்பிட்டாள் என்று தெரியாமல் இரண்டு பேரும் எழுந்தார்கள்.